கருணையல்ல, கடமை!

தோழா!

நமீபியா நாட்டின் குனேனே வறள்நிலம். கல்லும் முள்ளும் நிறைந்த பாதையிலே ஒருவன் நடக்கிறான், கரிய காண்டாமிருகத்தின் காலடி தேடி! கால்நடை மேய்க்கும் குடியிலே பிறந்தவன். அவன் காப்பதோ உலகத்தின் செல்வம்!

1970 இல் ஆப்பிரிக்கா முழுவதும் ஏறக்குறைய 65,000 கரிய காண்டாமிருகங்கள். 1990களின் நடுவிலே 2,500க்கும் குறைவு! ஏமனிலே கத்திக்குப் பிடியாகவும், கீழை நாடுகளிலே மருந்தாகவும் கொம்பு விலை போயிற்று. இன்று மீண்டும் 6,000க்கு மேல். மீட்டது யார்?

1980களின் தொடக்கத்திலே குனேனேயின் ஊர்த்தலைவர்கள் தம் மக்களிலிருந்தே காவலரைத் தேர்ந்தெடுத்தனர். நேற்றைய வேட்டைக்காரனும் காவலனானான். வெளியார் தந்த சிறுதொகையிலே கூலியாகக் கிடைத்தது உணவுப்பொருள். சிறுதொகை பெரும்பணி செய்தது. ஏனெனில் பொறுப்பு ஊரார் கையில் இருந்தது.

உரிமையோ எளிதில் வரவில்லை. வெள்ளைப் பண்ணையாருக்கு 1975 இலேயே தம் நிலத்து விலங்குகள்மீது உரிமை தந்தது சட்டம். கறுப்பின மக்களோ, 1990 இல் நாடு விடுதலை பெற்று, 1996 இல் சட்டம் திருந்தும்வரை காத்திருந்தனர்! 1998 முதல் எழுந்த ஊர்க் காப்பு மன்றங்கள் இன்று 80க்கும் மேல்.

“இனி மானியம் எதற்கு?” என்பர் மேதாவிகள். 2020ஐ எண்ணிப்பார்! கொள்ளைநோய் பரவிற்று, சுற்றுலா நின்றது, மன்றங்களின் வருவாய் வற்றியது. காவலரின் ஊதியம் நின்றுவிடாமல் தாங்கியது அவசர மானியமே.

அது பிச்சையா? 1992 இல் உருவான உயிர்ப்பன்மை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு, வளர்ந்த நாடுகள் புதிய, கூடுதல் நிதி தரவேண்டும் என்கிறது. 2022 இல் மாண்ட்ரியலிலே தொகையும் குறித்தார்கள்: 2025க்குள் ஆண்டுக்கு 2,000 கோடி டாலர், 2030க்குள் 3,000 கோடி! 2025உம் வந்தது. அந்த உடன்படிக்கையை உறுதிசெய்யாத அமெரிக்காவோ, சனவரியிலே வெளிநாட்டு உதவியை முடக்கிற்று. வன உயிர்க் காப்பு மானியங்களும் அதிலே சிக்கின.

நாடகம் எழுதுபவன் நான். வள்ளல் வேடம் எளிது என்பதை அறிவேன். மேடையிலே வாரி வழங்குவான். திரை விழுந்ததும் காகிதக் காசைப் பொறுக்கிக்கொள்வான்!

ஆகவே தோழா, தந்தால் வாழ்த்துப்பாடி, மறுத்தால் வாய்மூடிக் கிடப்பது நம் வேலையல்ல. தந்த வாக்கைக் கேள்! வரும் பணம் மாநாட்டு மண்டபத்துக்குப் போகிறதா, தடம் தேடி நடப்பவனுக்குப் போகிறதா என்றும் கேள்!

நாளையும் அவன் நடக்க வேண்டும். அதற்குத் தேவை நம் கைதட்டல் அல்ல. அவனது மாதச் சம்பளம்!