12 மணி நேரத்துக்குக் கொதித்தோமே!

மறைமலைநகரில் ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாக ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறும். மெஷின் முன்னால் தூங்கி வழிந்தால் விரல் போய்விடும் என்பது முதலாளிக்கே தெரியும். வாரத்துக்கு 48 மணி நேரம், மிஞ்சினால் இரட்டைச் சம்பளம் என்று தொழிற்சாலைகள் சட்டம் 1948-லேயே எழுதிவிட்டது.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறியபோது ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மே தினத்தன்று வாபஸ். சந்தோஷம்.

அதே ரோட்டில் தெற்கே போனால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி. அங்கே என்றில்லை, நாட்டின் எந்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் நடுராத்திரி உங்களுக்குத் தையல் போடுவது யார்? பெரிய டாக்டர் அல்ல. எம்.டி., எம்.எஸ். படிக்கும் இருபத்தாறு வயசு டாக்டர். நேற்றுக் காலை டூட்டிக்கு வந்தவராக இருக்கலாம். அவருக்காக எந்தக் கட்சி வெளிநடப்பு செய்தது?

மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. ஆன்லைன் சர்வேயில் பதில் சொன்ன முதுநிலை மாணவர்கள் 5,337 பேர். அதில் 31 சதவிகிதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருக்கிறது. படிக்கவே பதறுகிறது. குழு சொன்ன பரிகாரங்களில் ஒன்று: வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதீர்கள்! ஒரு 24 மணி நேர டூட்டி, ஐந்து நாள் பத்துப் பத்து மணி நேரம், ஒரு நாள் லீவு.

நான் பி.காம். 24-ம் 50-ம் 74. கணக்கு டேலி ஆகிறது. ஆனால் 1992-ல் மத்திய சுகாதார அமைச்சகமே இதே டாக்டர்களுக்கு வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12-க்கு மேல் கூடாது என்று கடிதம் அனுப்பியதே, அது எந்த ஃபைலில் தூங்குகிறது? (அதாவது தூங்குகிறதே!) 32 வருஷத்தில் கருணை 26 மணி நேரம் வளர்ந்திருக்கிறது.

'எங்க காலத்துல நாங்க பாக்கலையா?' என்பார்கள் சீனியர்கள். பார்த்தீர்கள் சார். எத்தனை பேர் உடைந்தார்கள் என்று அப்போது யாரும் எண்ணவில்லை.

கவுன்சலிங் வேண்டும்தான். மனசு சரியில்லை என்றால் டெலிமானஸ் 14416-ஐத் தயங்காமல் கூப்பிடுங்கள், டாக்டராக இருந்தாலும். ஆனால் ஆள் போடாமல் யோகா வகுப்பு மட்டும் வைப்பது, பசித்தவனுக்கு மெனு கார்டு கொடுப்பது மாதிரி.

முதலில் ஒன்று செய்யட்டும். டூட்டி டாக்டர் பெயர் எழுதும் போர்டில், அவர் எத்தனை மணிக்கு டூட்டியில் ஏறினார் என்பதையும் எழுதட்டும். ஊசிக்குக் கை நீட்டும் முன் நாமும் படித்துக்கொள்கிறோம்.