குலமூலம் காண்போம்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது முன்னோர் வாக்கு. ஆயினும் குலமூலத்தை அறியாமையால் ஒரு சமூகமே அல்லலுற்ற கதை நம் மலைநாட்டில் நிகழ்ந்தது. அதற்குமுன் வேறொரு குடும்பத்தின் கதையைக் கேளுங்கள்.

‘த லெனரோல்’ என்ற பெயரை இலங்கையிற் பலரும் கேட்டிருப்பர். அது பிரெஞ்சுப் பெயர். 1672இல் பிரான்சின் மன்னன் பதினான்காம் லூயியின் கப்பற்படை தளபதி தெ லா ஹேயின் தலைமையில் திருகோணமலையை அடைந்தது. ஒல்லாந்தருக்கு எதிராகத் துணை வேண்டிய தளபதி, கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனிடம் லெனரோல் என்பவரைத் தூதனுப்பினார். தூதரோ செருக்கு மிக்கவர். அரச மாளிகையைக் கடக்கையிலும் குதிரையினின்று இறங்கவில்லை. பேட்டிக்குக் காத்திருக்கப் பொறாது, விடைபெறாமலே வெளியேறினார். அரசன் அவருக்கு விலங்கிட்டான். அந்நாளில் கண்டி நாட்டிற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் இராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் இதனை விவரிக்கின்றார். கப்பற்படை மயிலாப்பூர்ச் சாந்தோமுக்கு ஏகியது. தூதர் மலைநாட்டிலேயே விடப்பட்டார். அவர் வழித்தோன்றல்களே லெனரோல் குடும்பத்தார் என்பர்.

அதே லூயி மன்னன் 1663 முதல் 1673 வரை ஏறக்குறைய 800 பெண்களைக் கனடாவுக்கு அனுப்பினான். அங்குக் குடியேறிய ஆடவருக்கு மனைவியராகும் பொருட்டு. அவர்தம் திருமணங்களும் பிள்ளைகளின் ஞானஸ்நானங்களும் கோயிற் பதிவேடுகளில் ஏறின. அவற்றைத் துணைக்கொண்டு தங்கே என்னும் குருவானவர் 1871 முதல் 1890 வரை ஏழு பாகங்களாகக் குடிவழி அகராதியொன்றை வெளியிட்டார். கொழும்பில் 1908இல் தோன்றிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கமும் தன் சஞ்சிகையில் வமிசாவளிகளைப் பதிப்பித்தது. எழுதி வைத்தோர் இருந்தமையால் அக்குடும்பங்கள் தம் வேரை அறிந்தன.

நிற்க. கண்டிச் சீமைக்கு வந்த நம் முன்னோரின் பெயர்கள் எங்கே எழுதப்பட்டன? மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து மாத்தளைக்கு வந்தவர்களைத் தோட்டத்துச் செக்ரோல் பதிந்துகொண்டது. கூலிக் கணக்குக்காக மட்டுமே. பாட்டன் யார், பிறந்த ஊர் எது என்று அது கேட்கவில்லை.

1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் கேட்டது. இந்நாட்டிற் பிறந்திருந்தாலும் போதாது. தந்தை இங்குப் பிறந்தாரா, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தனரா என்று வினவியது. லயத்திற் பிறந்த தந்தைக்குப் பிறப்புச் சான்று எங்கே தேடுவது? காட்ட இயலாத இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். 1964இன் ஒப்பந்தம் பல குடும்பங்களைக் கடல் கடக்கச் செய்தது. எஞ்சியிருந்தோருக்கு 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. தலைமுறைகளின் பெயரும் பிறந்த இடமும் எத்துணைப் பெரிய செல்வம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மாணவர்களே, இவ்வேலையை நீங்களே தொடங்கலாம். வீட்டில் மூத்தவரிடம் முதலிற் கேளுங்கள். தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், குலதெய்வம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கங்காணி பெரும்பாலும் தன் ஊராரையும் உறவினரையுமே அழைத்து வந்தமையால், அவர் ஊரே உங்கள் பூர்விக ஊராகவும் இருக்கக்கூடும். குலதெய்வத்தின் கோயில் எவ்வூரில் உள்ளதென்றும் விசாரியுங்கள். பாட்டன் பெயரைத் தாங்குவதாலேயே ‘பெயரன்’ என்றோம். ஆதலின் ஒரே பெயர் தலைமுறைதோறும் மீண்டும் வரும். பெயருடன் தந்தை பெயரையும் ஆண்டையும் சேர்த்தெழுதினாலன்றி மயக்கம் தீராது. மணமாகி வந்த பெண்களின் பிறந்தகத்தையும் மறவாது எழுதுங்கள். பின்னர்ப் பிறப்பு, விவாகப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாட்டியார் நினைவோடு சொல்லக்கூடிய காலம் நெடிதன்று. இந்த ஞாயிறே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் அமருங்கள்.