அடித்தவரும் நடித்தார்

2008இல் வந்த 'தி டார்க் நைட்' படத்தில் ஹீத் லெட்ஜர் மட்டுமே நடித்தார், பேட்மேனாக வந்த கிறிஸ்டியன் பேல் முகமூடிக்குள் மரம்போல் நின்றார் என்கிற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. லெட்ஜரின் ஜோக்கர் பெரும் சாதனை. மறைந்தபின் 2009இல் அவருக்குக் கிடைத்த ஆஸ்கர் இரக்கத்தில் கொடுத்ததல்ல.

ஆனால் விசாரணை அறைக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். அடி விழ விழ ஜோக்கர் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு நம்மை ஏன் உலுக்குகிறது? அடிக்கும் பேட்மேன் கொஞ்சம் கொஞ்சமாக நிலைகுலைவதால்தான். கண்ணும் வாயும் தாடையும் மட்டுமே தெரிகிற உடைக்குள்ளிருந்து அந்தத் தவிப்பைக் காட்டுகிறார் பேல். அது இல்லையென்றால் அந்தச் சிரிப்பு வெறும் சத்தம்.

பேட்மேனுக்காக அவர் வைத்துக்கொண்ட கரகரத்த குரல் மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். அதே மனிதர்தான் விருந்தில் ஊதாரிப் பணக்காரன் புரூஸ் வெய்னாக வருகிறார். தான் நேசித்த ரேச்சல் இறந்தபின் பணியாளர் ஆல்ஃபிரட் முன்னால் ஒடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்.

ஆரோன் எக்கார்ட்டைப் பற்றியோ அந்த வாதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அவர் நடித்த ஹார்வி டென்டின் வீழ்ச்சி நம்பும்படி இல்லாவிட்டால் ஜோக்கரின் வெற்றிக்கே பொருளில்லை. லெட்ஜரைக் கொண்டாடுங்கள், அதற்காக மற்ற இருவரின் உழைப்பை இல்லையென்று சொல்லாதீர்கள்.