மூன்று வருஷம் அடுப்பு எரிவது எப்படி?

சேரங்கோட்டில் சர்க்கார் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஒரு தாயின் மகள் எம்.ஏ. தேறிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு பி.எட். வேண்டும். "பி.எட்.டோடு நிற்காதே, எம்.எட்.டையும் சேர்த்தே முடித்துவிடு, இரண்டும் ஒரே படிப்பாக மூன்று வருஷத்தில் முடியும்" என்று விஷயம் தெரிந்தவர்கள் யோசனை சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த மூன்று வருஷம் லைன் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?

ஆசிரியர் கல்விக்குச் சட்டதிட்டம் வகுக்கும் பெரியவர்கள் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. அவர்கள் வருஷக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். அந்தக் கணக்காவது நிலையாக இருக்கிறதா?

முன்பு பி.எட். ஒரு வருஷம், எம்.எட். ஒரு வருஷம். நீதிபதி வர்மா கமிஷன் 2012இல் நாட்டின் ஆசிரியர் பயிற்சி நிலையங்களை ஆராய்ந்து, நிலைமை மோசம் என்று சொல்லிற்று. அதை ஒட்டி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் புது விதிகளைச் செய்தது. 2015 முதல் பி.எட். இரண்டு வருஷம், எம்.எட். இரண்டு வருஷம். தனித்தனியே படித்தால் நாலு வருஷம். இரண்டையும் இணைத்த படிப்பில் சேர்ந்தால் மூன்று வருஷம். ஒரு வருஷம் மிச்சம். ஆனால் முதுகலைப் பட்டமும் 55 சதவீத மார்க்கும் இருந்தால்தான் அந்த வாசலிலேயே நிற்க முடியும். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் விதிப்படி சலுகை உண்டு என்றாலும், எம்.ஏ. வரை வந்து சேருகிற தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்?

பிறகு 2025 பிப்ரவரியில் அதே குழுமம் இன்னொரு வரைவை வெளியிட்டது. முதுகலை முடித்தவர்களுக்கு பி.எட். ஒரே வருஷம், எம்.எட்.டும் ஒரே வருஷம் என்றது! ஒரு வருஷம் போதாது என்று சொன்னவர்களே பத்து வருஷம் கழித்து அது போதும் என்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் நகையை அடகு வைத்து இரண்டாம் வருஷக் கட்டணத்தைக் கட்டிய குடும்பங்களுக்கு யார் கணக்குச் சொல்வது?

வருஷம் கூடுவதை நாம் எதிர்க்கவில்லை. "தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு எம்.எட். எதற்கு? அ, ஆ சொல்லிக் கொடுக்க பி.எட். போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு, நம் நண்பர்களிலும் உண்டு. அவர்கள் பந்தலூர் வட்டத்தில் ஒரு வகுப்பறையை எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பெஞ்சியில் இலங்கை மலைநாட்டிலிருந்து வந்தவர்களின் பேரக் குழந்தை. பக்கத்தில் வீட்டில் மலையாளம் பேசும் குழந்தை. அதற்கு அடுத்தாற்போல் பணியர் வீட்டுக் குழந்தை, காட்டுநாயக்கர் வீட்டுக் குழந்தை. அவர்கள் தாய் பேசும் பாஷை எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. முதல் நாளே புரியாத மொழியில் புத்தகத்தைத் திறக்கிற குழந்தை நாலாம் நாள் வராமல் போனால், "இவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. தவறு குழந்தையிடமா, கற்பிக்கும் முறையிலா என்று ஆராய்ந்து பார்க்கப் பயிற்சி வேண்டும். குழந்தை மனம், பாடத்திட்டம், மதிப்பீடு இவற்றை ஆழ்ந்து படிப்பதும் ஓர் ஆய்வேட்டை எழுதி முடிப்பதும்தானே எம்.எட். படிப்பு? சேரங்கோட்டுப் பெண் சேரங்கோட்டுப் பள்ளியைப் பற்றியே அந்த ஆய்வேட்டை எழுதினால் அதைவிடப் பயனுள்ள பட்டம் வேறு எது? கூடலூரில் வித்யோதயா பள்ளி ஆதிவாசிப் பெண்களையே பயிற்றுவித்து ஆசிரியைகளாக்கியிருக்கிறது. இந்த மலையில் முடியாத காரியம் என்று எவரும் சொல்ல வேண்டாம்.

சரி, அவள் எங்கே போய்ப் படிப்பது? தமிழ்நாட்டில் சர்க்கார் கல்வியியல் கல்லூரிகள் ஏழு; உதவி பெறுபவை பதினான்கு; தனியார் சுயநிதிக் கல்லூரிகளோ அறுநூறுக்கும் மேல். ஆசிரியரை உருவாக்கும் வேலை லாபக் கடைக்குப் போய்விட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அந்த ஏழில் ஒன்றுகூட நீலகிரியில் இல்லை. சேரங்கோட்டிலிருந்து பந்தலூர், பிறகு கூடலூர், அங்கிருந்து 50 கிலோமீட்டர் மலையேறி ஊட்டி, மறுபடி மலையிறங்கி மேட்டுப்பாளையம், அப்புறம்தான் கோயம்புத்தூர். தினம் போய்வரும் தூரமல்ல, விடுதிதான் கதி. வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை கட்டாயம். அதாவது ஒரு நாள் கூலிக்குக்கூட அவள் போக முடியாது. இந்த விதி சரியானதே. ஆனால் கூலியை விட்டுவிட்டு வா என்று சொல்கிறவன், கூலிக்கு ஈடாக எதையாவது கொடுக்க வேண்டாமா? வைத்தியம் படிப்பவர்கள் ஆஸ்பத்திரியில் பயிற்சி வேலை பார்க்கும்போது உதவித்தொகை பெறுகிறார்கள். பி.எட். மாணவி பள்ளிகளில் 20 வாரம் பயிற்சியில் நிற்கிறாள். அவளுக்கு என்ன கிடைக்கிறது?

பட்டம் வாங்கிய பிறகாவது கதவு திறக்கிறதா? எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கத் தகுதித் தேர்வு. அதில் தேறினாலும் 2018ஆம் ஆண்டு அரசாணைப்படி இன்னொரு நியமனத் தேர்வு. இதையெல்லாம் கடந்து வேலையில் அமர்ந்தால், எம்.எட்.டுக்கு மதிப்பு? கூடுதலாகப் படித்த ஆசிரியருக்கு ஊக்க ஊதிய உயர்வு என்பது 1969இலிருந்து இங்கே இருந்து வந்த உரிமை. உயர்கல்விக்கான முன் ஊதிய உயர்வுகளை 2020 மார்ச்சில் ராஜ்ய சர்க்கார் ரத்து செய்தது. பின்னால் 2023இல், ஒரே ஒரு தடவை கொடுக்கும் ஒரு தொகை என்று ஆக்கினார்கள். கையில் ஒருமுறை வைத்து அனுப்பும் பணம் மாதச் சம்பளத்தில் சேருமா? பஞ்சப்படியில் சேருமா? ஆசிரியரின் அறிவு பள்ளிக்கு வேண்டும், அதற்குரிய கூலி மட்டும் வேண்டாம் என்பது எந்த முதலாளியும் சொல்லும் பேச்சுத்தான்.

பின்லாந்தைப் பாருங்கள். சோஷலிச நாடல்ல, முதலாளித்துவ நாடுதான். அங்கே 1970களின் கடைசியிலிருந்து பள்ளி ஆசிரியருக்கு முதுகலைப் பட்டம் அவசியம். ஆனால் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு சர்வகலாசாலையில் படிப்புக் கட்டணம் கிடையாது. நம்மவர்கள் அங்கிருந்து நிபந்தனையை மட்டும் இறக்குமதி செய்ய ஆசைப்படுகிறார்கள். தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு என்று கோத்தாரி கமிஷன் 1966இல் சொன்னது. 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் அதே ஆறைத் திரும்ப எழுதியது. எழுதுவதற்குச் செலவில்லை அல்லவா?

சேரங்கோட்டு மக்கள் யார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. கேட்காமலே பங்கு பிரிக்கப்பட்ட ஜனங்கள் அவர்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் சர்க்கார் இந்த மலைகளில் தேயிலை நடத் தொடங்கியது. 1976இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. செடி அவர்கள் நட்டது. வீடு கழகத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய் என்கிறார்கள். ஆக, தாய்க்கு முதலாளி சர்க்கார். மகள் படிக்க வேண்டிய கல்லூரிக்குப் பொறுப்பு சர்க்கார். நாளை அவள் வேலை கேட்டு நிற்கப்போவதும் சர்க்கார் வாசலில். தனியாரைக் காட்டித் தப்பித்துக்கொள்ள இங்கே வழியே இல்லை.

எனவே நாம் கோருவது இது. ஊட்டியில் 1955 முதல் சர்க்கார் கலைக் கல்லூரி நடக்கிறது. அங்கே பி.எட்.–எம்.எட். இணைந்த படிப்பைக் கட்டணமின்றித் தொடங்க வேண்டும். தோட்டத் தொழிலாளர், ஆதிவாசிகள் வீட்டுப் பிள்ளைகளுக்கு விடுதியும், பயிற்சிக் காலம் முழுவதும் தோட்டத்து நாள் கூலிக்குக் குறையாத உதவித்தொகையும் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஆசிரியர் எம்.எட். படிக்கச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். 2020இல் பறித்த ஊக்க ஊதிய உயர்வைத் திருப்பித் தர வேண்டும். மகள் படித்து முடிக்கும் வரை தாயை லைன் வீட்டிலிருந்து வெளியேற்றுவதில்லை என்று கழகம் எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும். இதற்குப் புதுப் பணம் ஒரு காசுகூட வேண்டியதில்லை, நாளைக்கே கையெழுத்துப் போடலாம்.