கட்டடத்திலேயே மின்சாரமும் குளிரூட்டலும்: நமது சங்கத்தின் நிலைப்பாடு

அலுவலக வளாகத்திலேயே எரிவாயு எஞ்சின் வைத்து மின்சாரம் எடுப்பது, அதன் கழிவு வெப்பத்தைக் கொண்டு குளிரூட்டுவது என்ற திட்டத்துக்கு நமது சங்கம் கொள்கையளவில் எதிரி அல்ல. சென்ற பொதுக்குழுத் தீர்மானமும் அவ்வளவுதான் சொன்னது. அதைக் காட்டி, டெண்டருக்குப் போகவிருக்கும் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) திட்டத்துக்கு நம் ஒப்புதல் கிடைத்துவிட்டதாக அதன் கட்டுமான நிறுவனம் சொல்லிவருகிறது. நாம் ஒப்புதல் தரவில்லை.

இத்தகைய எஞ்சினில் எரிபொருளின் ஆற்றலில் சுமார் 40 விழுக்காடு மின்சாரமாகிறது. ஏறத்தாழ அதே அளவு வெப்பத்தைப் புகையிலிருந்தும் ஜாக்கெட் தண்ணீரிலிருந்தும் மீட்கலாம். டீசல் ஜெனரேட்டரைவிட இது மேல் என்பதில் செயற்குழுவில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சென்னை அலுவலகத்தில் வெந்நீர் கேன்டீனுக்கு மட்டுமே வேண்டும். மீட்ட வெப்பம் ஏறத்தாழ முழுவதும், வெப்பத்தால் இயங்கும் வி.ஏ.எம். (ஆவி உறிஞ்சல்) சில்லருக்குத்தான் போகும். அந்தச் சில்லர் குடிக்கும் தண்ணீரைப் பற்றித் திட்ட அறிக்கையில் இருப்பது ஒரே வரி: "போதுமான அளவு ஏற்பாடு செய்யப்படும்."

எங்கிருந்து ஏற்பாடு செய்வார்கள்? ஒரு மெகாவாட் எஞ்சினின் வெப்பம் சுமார் 280 டன் குளிரூட்டல் தரும். அதே 280 டன்னை மின் சில்லர் தந்தால் கூலிங் டவரில் மணிக்கு ஏறத்தாழ 1,700 லிட்டர் ஆவியாகும். வி.ஏ.எம். என்றால், உள்ளே வரும் எஞ்சின் வெப்பத்தையும் அதே டவர்தான் வெளியேற்ற வேண்டும். ஆவியாவது 2,900 லிட்டரைத் தொடும். பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு மெகாவாட்டுக்குத் தினமும் ஒரு பெரிய லாரித் தண்ணீர் கூடுதல். ப்ளோடவுன் (டவரிலிருந்து வடித்துவிடும் நீர்) தனிக்கணக்கு. அனல்மின் நிலையமும் தண்ணீர் குடிக்கிறதே என்று பதில் சொல்கிறார்கள். ஆனால் வடசென்னை அனல்மின் நிலையம் கடல்நீரில் குளிர்கிறது. இங்கே ஆவியாகப் போவது லாரியில் வரும் சுற்றுவட்டாரக் கிராமங்களின் கிணற்று நீர். 2019 ஜூனில் இதே சாலையில் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். அன்று லாரிக்குக் காத்து நின்றவர்கள் நம் உறுப்பினர்கள். அதை அறிந்தும் ஒரே வரியில் கடந்துபோவதைக் கவனக்குறைவு என்று ஏற்க முடியாது.

ஆகவே, கூடுதல் தண்ணீர் முழுவதும் வளாகத்தின் சொந்தக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்தோ (எஸ்.டி.பி.) குடிநீர் வாரியத்தின் சுத்திகரித்த கழிவுநீரிலிருந்தோ வரும் என்று எழுத்தில் உறுதி வேண்டும். கோயம்பேடு, கொடுங்கையூர் நிலையங்களின் நீர் இப்போது தொழிற்பேட்டைகளுக்குப் போகிறது; ஓ.எம்.ஆருக்குக் குழாய் வரும்வரை லாரித் தண்ணீரை நம்பிய எந்தத் திட்டத்தையும் ஏற்கமாட்டோம்.

எஞ்சினின் அளவை மின் தேவையைப் பார்த்தல்ல, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் உள்ள குளிரூட்டல் தேவையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இல்லையேல் வெப்பம் புகைபோக்கி வழியே வீணாகும். 2015 வெள்ளத்தைக் கண்டபின் எஞ்சினைப் பேஸ்மென்ட்டில் வைப்பது கூடாது. எரிவாயு விலை பற்றிச் செயற்குழுவில் இரு கருத்துகள் உள்ளன. தற்போதைக்கு நிலைப்பாடு எடுக்கவில்லை. இரைச்சல், புகை ஆகியவற்றில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விதிகள் போதுமானவை எனக் கருதலாம்.

தண்ணீர்க் கணக்கு இல்லாத எந்த இயக்க ஒப்புதலிலும் உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டாம். உங்கள் சில்லர் லாக் புத்தகத்தின் கோடைமாதப் பக்கங்களையும் லாரி ரசீதுகளையும் நகலெடுத்து, டெண்டர் திறக்கும் முன் சங்க அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள்.