பத்திரப் பணமும் அமானிதமும்



எங்கள் மதரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை, சேத்துப்பட்டில் தறி நெய்து பிழைப்பவர். மனைவியின் நகையை விற்று, 8 லட்சம் ரூபாய்க்குச் சிறு மனை ஒன்றை வாங்கினார். பத்திரச் செலவுக்கென்று 90,000 ரூபாயை, வேலையை ஏற்றுக்கொண்டவரிடம் மொத்தமாகக் கொடுத்தார். பதிவு முடிந்தபின் மீதியைக் கேட்டபோது, "எல்லாம் சரியாப் போச்சு, பாய்" என்ற பதிலே கிடைத்தது. கூலி எவ்வளவு என்று முன்பே பேசப்படவில்லை. கணக்கும் தரப்படவில்லை. "கூலி வாங்கக் கூடாதுன்னு நான் சொல்லலையே, ஹஜ்ரத். எவ்வளவுன்னு சொல்லிட்டு எடுத்திருக்கலாமே" என்று அவர் வருந்தினார்.

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் விற்பனைப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஆக, 8 லட்சத்திற்கு அரசுக்குச் சேரவேண்டியது 72,000 ரூபாய். சில்லறைச் செலவுகள் போக எஞ்சிய தொகை யாருடையது? கொடுத்தவருடையது. வாங்கியவர் கையில் அது அமானிதம்.

ஒருவருக்காகக் காரியம் செய்ய ஒப்புக்கொண்டவரை ஃபிக்ஹு நூல்கள் வகீல் என்கின்றன. வகீல் நம்பிக்கைக்குரியவர். ஒப்படைக்கப்பட்ட பணத்தைச் சொன்ன காரியத்துக்கு அப்பால் செலவிட அவருக்கு அதிகாரம் இல்லை. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு சூரத்துன் நிஸாவில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். தம்மைக் கொல்லத் துடித்த மக்கா வாசிகளின் பொருள்களைக்கூடத் திருப்பிக் கொடுப்பதற்காக, ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களை அங்கே விட்டுச் சென்றார்கள்.

"உழைத்தவருக்கு உரிமை இல்லையா? அபூ ஸுஃப்யானின் மனைவி ஹிந்த் (ரலி) அவர்கள், கணவர் போதிய அளவு தராதபோது அவருடைய பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதி பெற்றார்களே" என்று சிலர் கேட்கலாம். அங்கே அனுமதிக்கப்பட்டது, கணவர் மீது கடமையான ஜீவனாம்சம். அதுவும் நியாயமான அளவுக்கு மட்டுமே. இங்கோ கூலியே பேசப்படவில்லை. பேசப்படாத கூலிக்கு, அவ்வேலைக்கு ஊர் வழக்கில் உள்ள கூலி உரியதாகும் என்று ஃபகீஹுகள் கூறுகின்றனர். ஆகவே அவருக்குக் கூலி உண்டு. ஆனால் அதன் அளவைத் தாமே தீர்மானித்து, சொல்லாமலே கழித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இல்லை.

நாட்டுச் சட்டமும் இவ்விஷயத்தில் கவனமாகவே இருக்கிறது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதிகள், கட்சிக்காரரின் பணத்துக்கு வழக்கறிஞர் கணக்கு வைக்க வேண்டும் என்கின்றன. பெற்ற தொகை கட்டணத்துக்கா, செலவுக்கா என்று குறிக்க வேண்டும். வழக்கு நடக்கும்போது, செலவுக்கென வந்த பணத்தை எழுத்துப்பூர்வமான சம்மதமின்றிக் கட்டணமாக மாற்றக் கூடாது. வழக்கு முடிந்தபின், பேசி முடித்த கட்டணத்தை மீதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்திலும் சொலிசிட்டர்கள் கட்டணச் சீட்டோ எழுத்துப்பூர்வமான அறிவிப்போ முதலில் தந்த பிறகே கட்சிக்காரர் பணத்திலிருந்து தம் கட்டணத்தை எடுக்கலாம். சட்டத்துக்கு அஞ்சி இவற்றைச் செய்வோர் இருக்க, அல்லாஹ்வை அஞ்சும் நாம் இதைவிடக் குறைவாகச் செய்யலாமா?

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. வேலை முடியும்வரை "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு, பத்திரம் கைக்கு வந்ததும் கூலியில் பேரம் பேசுவோர் நம்மிலும் உண்டு. முழு வேலையை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரித்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. சொல்லாமல் கழிக்கும் வழக்கம், இப்படிப்பட்டவர்களிடம் ஏமாந்த அச்சத்தாலும் வளர்ந்திருக்கலாம். அந்த அச்சம் தவறை நியாயமாக்காது. ஆயினும் அதைப் போக்கும் பொறுப்பு நமக்கும் உண்டு.

எனவே வீடு மனை வாங்கும் சகோதரர்கள் முதல் நாளே கூலியைப் பேசி, ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். கடனை எழுதிக்கொள்ளுமாறு கூறும் குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282), எழுதுபவருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்கிறது. அரசுக் கட்டணத்தையும் கூலியையும் ஒரே கட்டாகக் கொடுக்காதீர்கள். அரசுக் கட்டணத்தை இணையவழியில் நீங்களே செலுத்தலாம். பிறர் செலுத்தினால் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கணக்குக் கேட்பது சந்தேகப்படுவதாகாது. இத்தொழில் செய்யும் சகோதரர்களே, கேட்கும் முன்பே கணக்கைக் கொடுங்கள். மனமொப்பிப் பெற்ற சிறு தொகையில்தான் பரக்கத் இருக்கிறது.

அமானிதத்தைப் பேணுவோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.