பதில் தமிழில் வரவேண்டும்

1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலையை ஒட்டிய எல்லையோரச் சிற்றூர்களின் தமிழ் உழைப்பாளிகள் மொழிச் சிறுபான்மையினராயினர்.

“எல்லோருக்கும் ஒரே படிவம், ஒரே மொழி, பாகுபாடு எங்கே?” என்று தோழர்கள் சிலரே கேட்பதுண்டு. இவ்வாதம் 1935இலேயே வீழ்ந்தது. தனியார் பள்ளிகள் அனைத்தையும் மூடிய அல்பேனிய அரசு, சட்டம் அனைவருக்கும் பொதுதானே என்றது. கிரேக்கச் சிறுபான்மையினரோ தமக்குரிய பள்ளிகளை இழந்தனர். சட்டத்தில் மட்டுமன்றி நடைமுறையிலும் சமத்துவம் வேண்டும் என்றது பன்னாட்டு நீதிக்கான நிரந்தர நீதிமன்றம். 1974இல் புனித சவேரியார் கல்லூரி வழக்கில் அக்கருத்தை எடுத்தாண்டவர் கேரளத்தவரான நீதிபதி கே.கே.மேத்யூ. அது மதச் சிறுபான்மையினர் கல்லூரி பற்றிய வழக்குதான். கோட்பாடு நமக்கும் உரியது.

கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியில் எழுதலாம். பதிலும் அம்மொழியிலேயே வரவேண்டும். உள்ளூர் அலுவலகங்களுக்கு எழுதவோ, அப்பகுதி மொழிச் சிறுபான்மைப் பகுதியென அரசால் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். ஏழை நடையாய் நடப்பது கிராம அலுவலகத்துக்கு; நிபந்தனையும் அங்கேதான்.

கட்சி ஆவணங்களைத் தமிழாக்கும் எனக்கே ஓர் உறுத்தல் உண்டு. மனு எழுதக் கேட்டு வந்தோருக்கு, வேலை விரைந்து முடியட்டுமென்று, மலையாளத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இனித் தமிழில் எழுதுவோம். தம் ஊர் அறிவிக்கப்பட்ட பகுதியில் உள்ளதா என்று கிளைகள் எழுத்தில் கேட்டுப் பெறட்டும். இல்லையெனில் சேர்க்கக் கோரட்டும், ஆட்சியில் இருப்பவர் யாராயினும்.